எட்டாம் நாள் முட்டையில் தெரிவது கருவின் முதல் ரத்தக்குழாயா? எச்டாக் தடுப்பான் புராஜெக்ட் பற்றி ஆலோசனை தேவை

#1 பாலக்கோடு_விலங்கியல்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை விலங்கியல் கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். தலைப்பு: "கோழிக் கருவில் ரத்தக்குழாய் உருவாவதில் எபிஜெனிடிக் நொதிகளின் பங்கு".

(டிஎன்ஏவின் எழுத்தை மாற்றாமல் எந்த மரபணு திறக்கும், எது மூடும் என்று கட்டுப்படுத்துபவை எபிஜெனிடிக் நொதிகள். அவற்றில் அசெட்டிலை எடுக்கும் ஒரு வகைதான் எச்டாக்.)

திட்டம் இதுதான். 40 முட்டை. 8ஆம் நாள் ஓட்டில் ஜன்னல் வெட்டி, கோரியோ-அலன்டாயிக் சவ்வின் (ஓட்டுக்கு உள்பக்கம் இருக்கும், ரத்தக்குழாய் நிறைந்த சவ்வு) மேல் சோடியம் வால்புரோயேட்டில் (எச்டாக்கை அடைக்கும் வலிப்பு மருந்து) நனைத்த வடிதாள் வட்டு வைப்பது. 10ஆம் நாள் போட்டோ எடுத்துக் கிளைகளை எண்ணுவது. கிளை குறைந்தால் "குழாய் உருவாக எச்டாக் நொதி தேவை" என்று முடிவு எழுதுவது.

கையில் இருப்பவை: மின்விசிறி இல்லாத பழைய இன்குபேட்டர், ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், ஜெல் ஓட்டும் கருவி. வெஸ்டர்ன் பிளாட் (எதிர்ப்பொருளால் புரதத்தைக் கண்டறியும் சோதனை) பக்கத்துத் துறையில் செய்து தருவார்கள்.

கடை முட்டை போதுமா? மருந்து எவ்வளவு? வால்புரோயேட் மாத்திரையை இடித்துக் கரைக்கலாமா? ஏப்ரலில் தொடங்க வேண்டும்.

#2 அவயக்கூடு (ஓசூர்)

முட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கடை முட்டை வேண்டவே வேண்டாம். நாமக்கல் பக்கமிருந்து வரும் முட்டைகள் கூண்டில் சேவல் இல்லாமல் வளரும் கோழி இட்டவை. அதில் கருவே கிடையாது. 40 அல்ல, 400 வைத்தாலும் கூமுட்டைதான் மிஞ்சும். போச்சம்பள்ளிச் சந்தையில் நாட்டுக்கோழி முட்டை கிடைக்கும், அதில் கரு இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த நாள் இட்டது, கோழி அதன் மேல் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டதா என்பது விற்பவருக்கே தெரியாது. மணிக்கணக்கில் வயது பார்க்கிற வேலைக்கு அது ஆகாது.

உங்களுக்கு வேண்டியது பிரீடர் பண்ணையிலிருந்து வரும் கருமுட்டை. இட்டு 7 நாளுக்குள் இருக்க வேண்டும், 15 முதல் 18 டிகிரியில் வைத்திருந்ததாக இருக்க வேண்டும். மத்திகிரியில் உள்ள கோழியின உற்பத்தி மேலாண்மைக் கல்லூரியில் உங்கள் துறைத்தலைவர் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் தனியார் பொரிப்பகங்களும் இருக்கின்றன. கேட்கும்போது "ஒரே மந்தை, ஒரே நாள் முட்டை" என்று அழுத்திச் சொல்லுங்கள். மந்தை மாறினால் கரு வளரும் வேகமும் மாறும்.

அடுத்தது ஏப்ரல். ஓசூரில் முட்டை அறை 17 டிகிரி. தருமபுரியில் உங்கள் ஆய்வக மேஜை 35ஐத் தாண்டும். கோழிக் கரு 21 டிகிரி வாக்கிலேயே விழித்துக்கொள்ளும். 27, 30, 35 டிகிரியில் கிடந்தால் ஒழுங்கில்லாமல், ஒரு பாகம் முந்த ஒரு பாகம் பிந்த வளரும். நீங்கள் இன்குபேட்டரில் வைக்கும் முன்பே கரு பாதி கெட்டிருக்கும். தெர்மகோல் பெட்டியில், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, முட்டையில் படாமல் ஓரமாக வைத்து, ராயக்கோட்டை வழியாக வரும் காலை பஸ்ஸில் கொண்டுவாருங்கள். வந்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் சில மணி நேரம் அசையாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். பஸ் குலுக்கலில் காற்றறை இடம் மாறியிருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் முட்டை வேர்க்கும். அதைத் துணியால் துடைத்தால் ஓட்டின் துளைகள் வழியாகக் கிருமியை உள்ளே தேய்த்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம். தானாகக் காய விடுங்கள்.

#3 தென்பெண்ணை

அம்மா, நல்ல தலைப்பு. ஆனால் தலைப்பும் திட்டமும் வேறு வேறு கேள்வி கேட்கின்றன. முட்டை வாங்கும் முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ரத்தக்குழாய் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று, குழாயே இல்லாத இடத்தில் நடு அடுக்குச் செல்கள் கூடிப் புதிதாகக் குழாய் ஆவது: வாஸ்குலோஜெனிசிஸ். இன்னொன்று, இருக்கிற குழாயிலிருந்து கிளை முளைப்பதும் பிளந்து பெருகுவதும்: ஆஞ்சியோஜெனிசிஸ். கோழிக் கருவில் முதல் வேலை இரண்டாம் நாளிலேயே நடக்கிறது. சுமார் 26 முதல் 29 மணி நேரத்தில், அதாவது கோழிக் கருவின் வளர்ச்சியை நிலைகளாகப் பிரித்த ஹாம்பர்கர்-ஹாமில்டன் (1951) வரிசையில் 8ஆம் நிலையில், கருத்தட்டின் பின்பாதியில் ரத்தத் தீவுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. 10ஆம் நிலையில் (33 முதல் 38 மணி) இதயம் துடிக்கத் தொடங்குகிறது. 12ஆம் நிலை வாக்கில் (45 முதல் 49 மணி) ரத்தம் ஓட ஆரம்பிக்கிறது.

நீங்கள் வட்டு வைக்கப் போவது 8ஆம் நாள். அப்போது சவ்வில் நடப்பது பெரும்பாலும் ஆஞ்சியோஜெனிசிஸ். அதுவும் கருவின் உடலில் அல்ல, மூச்சுவிட உதவும் வெளிச்சவ்வில். அங்கே கிளை குறைந்ததை வைத்துக் "கருவில் ரத்தக்குழாய் உருவாக எச்டாக் தேவை" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

நம் சொற்களால் வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். "மஞ்சள்கரு" என்று சொன்னாலும் கரு அதுவல்ல, அது சோறு. கரு அதன் மேல் 4, 5 மில்லிமீட்டர் அளவில் வளையமாகத் தெரியும் வெளிறிய தட்டு. கருவுறாத முட்டையில் அதே இடத்தில் ஒழுங்கற்ற சிறு வெள்ளைப் புள்ளி மட்டும் இருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் நாலு முட்டையை உடைத்து இந்த வளையத்தைப் பார்த்துவிட்டு மீதியை வையுங்கள்.

#4 குரோமாட்டின்

தென்பெண்ணை சார் சொன்னது காலம் பற்றி. நான் நொதி பற்றிச் சொல்கிறேன். "எபிஜெனிடிக் நொதிகள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் எதுவும் விளங்காது.

ஹிஸ்டோன் என்ற புரதங்களால் ஆன ஓர் உருளையைச் சுற்றி ஏறக்குறைய 147 எழுத்து நீள டிஎன்ஏ. இப்படிச் சுற்றிய தொகுப்புதான் குரோமாட்டின். அந்தச் சுற்றை இறுக்குவதும் தளர்த்துவதும்தான் இவற்றின் வேலை. அசெட்டில் ஒட்டுபவை (பி300 போன்றவை), அசெட்டில் எடுப்பவை (எச்டாக், சர்டுயின்), ஹிஸ்டோனில் மெத்தில் ஒட்டுபவை (ஈஇசட்எச்2, டாட்1எல்), அதை எடுப்பவை (எல்எஸ்டி1, ஜேஎம்ஜேசி குடும்பம்), டிஎன்ஏவிலேயே மெத்தில் ஒட்டுபவை (டிஎன்எம்டி), அதை மாற்றுபவை (டெட்), ஏடிபி செலவழித்து உருளையையே நகர்த்துபவை (பிஆர்ஜி1, சிஎச்டி4). இவற்றில் எதற்கும் "இது ரத்தக்குழாய் மரபணு" என்று தானாகத் தெரியாது. ஒரு படியெடுப்புக் காரணி (மரபணுவை இயக்கும் அல்லது அடக்கும் புரதம்) கூட்டிக்கொண்டு போய் விடும் இடத்தில் வேலை செய்யும். எலியில் ஈடிவி2 என்ற காரணி மூடிக்கிடக்கும் குரோமாட்டினில் போய் உட்கார்ந்து பிஆர்ஜி1ஐ அழைத்து வருகிறது. அதன் பிறகே எண்டோதீலிய (குழாயின் உள்சுவர்ச் செல்) மரபணுக்கள் திறக்கின்றன.

எலிக் கருவில் மரபணுவை நீக்கிப் பார்த்த முடிவுகளை வரிசையாகப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும்.

எச்டாக்7 இல்லாத எலிக் கரு 11ஆம் நாள் வாக்கில் இறக்கிறது (2006). குழாய்கள் உருவாகின்றன, ஆனால் செல்லுக்குச் செல் பிடிப்பு விட்டுப்போய் வெடித்துக் கசிகின்றன. காரணம், எச்டாக்7 எம்இஎஃப்2 என்ற படியெடுப்புக் காரணியை அடக்கி வைக்காததால் எம்எம்பி10 என்ற சுவர் அரிக்கும் நொதி ஏறிவிடுகிறது. எண்டோதீலியத்தில் ஈஇசட்எச்2ஐ நீக்கினால் (2014) எம்எம்பி9 ஏறுகிறது, குழாயின் அடித்தளச் சவ்வு அரிபடுகிறது. சிஎச்டி4ஐ நீக்கினால் (2013) பிளாஸ்மின் என்ற அரிக்கும் நொதி மிகுந்து குழாய் கிழிகிறது. மூன்றும் மூன்று வகை நொதி, மூன்று வேறு வேலைமுறை. ஆனால் மூன்றும் அரிக்கும் நொதிகளைப் பூட்டி வைக்கின்றன. குழாயைக் கட்டுவதற்கு இணையாக, கட்டிய குழாயைத் தின்னாமல் காக்கவும் கருவுக்கு இந்த நொதிகள் வேண்டும்.

பிஆர்ஜி1 வேறு மாதிரி. எண்டோதீலிய, ரத்தச் செல் வழியில் அதை நீக்கினால் (2008) கரு 10.5ஆம் நாளுக்குள் சோகை பிடித்து, மஞ்சள்கருப் பையின் குழாய்கள் மெலிந்து இறக்கிறது. சிரையின் அடையாளத்தைத் தரும் கூப்-டிஎஃப்2 மரபணுவின் வாசலைத் திறந்து வைப்பதும் அதுவே. டாட்1எல் இல்லையென்றாலும் மஞ்சள்கருப் பையில் குழாய்ப் பின்னல் சரியாக வருவதில்லை.

ஆகவே கிளை எண்ணிக்கையை மட்டும் எண்ணினால் பாதிக் கதை நழுவிவிடும். கசிவையும் பார்க்க வேண்டும்.

#5 பாலக்கோடு_விலங்கியல்

மிக்க நன்றி மேடம், சார். அப்படியானால் எச்டாக்7தான் முக்கியம், வால்புரோயேட் எச்டாக் தடுப்பான், எனவே வால்புரோயேட் போட்டால் எச்டாக்7 நீங்கிய மாதிரி கசிவு வரும் என்று எதிர்பார்க்கலாமா? இரண்டாம் நாள் கருவுக்கு மருந்து எப்படிக் கொடுப்பது? ஓட்டுக்குள் ஊசி போட்டால் எங்கே போகிறது என்றே தெரியாதே.

#6 குரோமாட்டின்

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

எச்டாக்7 இரண்டாம்-அ வகுப்பு. முதுகெலும்பிகளில் இந்த வகுப்பின் வினைமையத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் இருக்கிறது. அதனால் அசெட்டிலை வெட்டும் திறன் மிகக் குறைவு. அது பெரும்பாலும் சாரம் கட்டும் கம்பு மாதிரி, மற்ற புரதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நீக்கினால் சாரமே போய்விடும். மருந்தால் அடைத்தால் சாரம் அங்கேயே நிற்கும். குழாயை வளரத் தூண்டும் வெஜ்எஃப் சமிக்ஞை வரும்போது எச்டாக்7இல் பாஸ்பேட் ஏறி அது உட்கருவை விட்டு வெளியேறுகிறது, எம்இஎஃப்2 விடுபடுகிறது. இதுவும் வினைமையம் சம்பந்தப்படாத நிகழ்வு.

வால்புரோயேட் முக்கியமாக அடைப்பது எச்டாக் 1, 2, 3 அடங்கிய முதல் வகுப்பை. எனவே "எச்டாக் வினைத்திறனை அடைத்தபோது" என்று எழுதுங்கள், "எச்டாக்7" என்று எழுதாதீர்கள். இன்னொன்று, எச்டாக் நொதிகள் ஹிஸ்டோன் அல்லாத புரதங்களிலும் அசெட்டிலை எடுக்கின்றன. மருந்தின் விளைவு முழுவதும் குரோமாட்டின் வழியாக வந்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

#7 தென்பெண்ணை

இரண்டாவது கேள்விக்கு: கருவை முட்டையிலிருந்து வெளியே எடுத்து வளர்க்கலாம். வடிதாள் வளைய முறை, 2001இல் வெளியானது. உங்கள் ஆய்வகத்தில் இருப்பதை வைத்தே முடியும்.

தளம்: 120 மில்லி உப்புநீரில் (லிட்டருக்கு 7.2 கிராம் சோடியம் குளோரைடு) 0.72 கிராம் அகார் போட்டுக் கொதிக்க வைத்துக் கரையுங்கள். 49 டிகிரிக்கு ஆறியதும், அதே சூட்டில் வைத்திருக்கும் 120 மில்லி நீர் போல இளகிய வெள்ளைக்கருவைக் கலந்து ஒரு நிமிடம் சுழற்றுங்கள். 35 மில்லிமீட்டர் தட்டில் 2 மில்லி வீதம் ஊற்றுங்கள். சூடு அதிகமாக இருந்தால் வெள்ளைக்கரு வெந்து பால் நிறமாகிவிடும், அந்தத் தட்டு உதவாது. ஆறிப்போனால் அகார் கட்டிகட்டியாக நிற்கும். வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

கரு: முட்டையைப் படுக்க வைத்து 18 முதல் 20 மணி நேரம் அடைகாத்தால் 4, 5ஆம் நிலை கிடைக்கும். ரத்தத் தீவு தோன்றுவதற்கு ஏழெட்டு மணி நேரம் முன்பு. மருந்து முதலிலேயே இருக்கும்படி செய்ய இதுதான் சரியான வேளை.

எடுப்பது: முட்டையைத் தட்டில் மெதுவாக உடைத்து, கரு மேலே வரும்படி மஞ்சள்கருவைத் திருப்புங்கள். கருத்தட்டின் மேல் இருக்கும் கெட்டி வெள்ளைக்கருவை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையை அவசரப்பட்டால் வடிதாள் ஒட்டாது, எல்லாமே போய்விடும். 2 சென்டிமீட்டர் வடிதாளில் நடுவே 1 சென்டிமீட்டர் துளை போட்டு, துளைக்குள் கரு வரும்படி வையுங்கள். ஓரம் நனைந்து சவ்வோடு ஒட்டியதும் வெளியே சுற்றி வெட்டி, சாய்வாக இழுத்துத் தூக்குங்கள். செங்குத்தாகத் தூக்கினால் மஞ்சள்கருவின் எடையில் கிழியும். ரிங்கர் கரைசலில் (லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 7.2 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.37 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.225 கிராம், பிஎச் 7.4) அலசி, வயிற்றுப்புறம் மேலே பார்க்கும்படி தளத்தில் வையுங்கள். தாளுக்கும் தளத்துக்கும் நடுவே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது.

ஈரத்துணி போட்ட மூடிய டப்பாவில் 37.5 டிகிரி. தட்டில் 24 மணி நேரத்தில் 10ஆம் நிலையை ஒட்டி வர வேண்டும். அதற்கு முன்பே, முட்டையை அடைவைத்ததிலிருந்து 30 மணி நேரத்தில், பின்பக்கம் குதிரைலாட வடிவில் தீவுகள் தெரியும். குழுவுக்கு 12 கருவோடு தொடங்குங்கள். 8 கரு கணக்கில் மிஞ்சினால் போதும்.

#8 நுண்ணோக்கி (கிருஷ்ணகிரி)

சவ்வுச் சோதனையை அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் கருவைத் தாளில் தூக்குவதற்குக் கை பழக இரண்டு வாரமாவது ஆகும். ஒரு செமஸ்டரில் அதை மட்டும் நம்பி இறங்கினால் ஆபத்து. இரண்டையும் செய்யுங்கள், இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயர் சொல்லுங்கள்: ஒன்று குழாய் தோன்றுவது, மற்றொன்று கிளைப்பது.

சவ்வில் பொய்யான முடிவு எங்கிருந்து வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜன்னலை 8ஆம் நாள் வெட்டாதீர்கள். 3ஆம் நாள், 72 மணி நேரத்தில், கூர்முனையில் 21 கேஜ் ஊசியால் 2 முதல் 3 மில்லி வெள்ளைக்கரு உறிஞ்சி எடுங்கள். கருவும் சவ்வும் ஓட்டை விட்டுக் கீழே இறங்கும். பிறகு மேலே ஜன்னல் வெட்டி, செல்லோடேப் ஒட்டி வைத்துவிட வேண்டும். 8ஆம் நாள் வரை விட்டால் சவ்வு ஓட்டோடு ஒட்டியிருக்கும். வெட்டும்போதே கிழிந்து ரத்தம் வரும்.

ஓட்டுத்தூள் ஒரு துகள் சவ்வில் விழுந்தாலும் அந்த இடத்தில் எரிச்சலால் குழாய்கள் சக்கரத்தின் ஆரம் போலக் கூடிவிடும். மருந்துதான் குழாயை வளர்த்தது என்று நினைத்துவிடுவீர்கள். வெட்டும் முன் கோட்டின் மேல் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டுங்கள், தூள் டேப்பிலேயே நின்றுவிடும். வடிதாள் வட்டின் ஓரம் காய்ந்தாலும் இதே கோளாறுதான்.

டேப்பின் அளவும் முக்கியம். ஓடு மூச்சுவிடும் பரப்பு. ஒரு முட்டையில் சின்ன டேப், இன்னொன்றில் பாதி ஓட்டை மூடிய டேப் என்றால், ஆக்சிஜன் குறைந்த முட்டையில் வெஜ்எஃப் ஏறி, மருந்தே இல்லாமல் குழாய் கூடும். எல்லாவற்றிலும் ஒரே அளவில் டேப்பை வெட்டி ஒட்டுங்கள்.

எண்ணுபவர் எந்த முட்டைக்கு எந்த மருந்து என்று அறியக் கூடாது. படங்களுக்கு எண் போட்டுக் கலைத்து இன்னொரு மாணவரிடம் கொடுங்கள்.

#9 குரோமாட்டின்

மருந்து அளவு. மாத்திரையை இடிக்காதீர்கள். மாத்திரையில் பூச்சு, மாவு, பசை எல்லாம் உண்டு. சிரப்பில் சர்க்கரையும் பதப்படுத்தியும் இருக்கும். தூய பொடி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

சோடியம் வால்புரோயேட் மூலக்கூறு எடை 166.2. எனவே 166 மில்லிகிராம், 10 மில்லி மலட்டு நீரில்: 100 மில்லிமோலார் மூலக்கரைசல். 2 மில்லி தளத்துக்கு 10, 20, 40 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 0.5, 1, 2 மில்லிமோலார். வடிகட்டிச் சேருங்கள். தளம் 45 டிகிரிக்குக் கீழே வந்தபின், உறையும் முன் கலக்க வேண்டும். வெள்ளைக்கருப் புரதங்கள் மருந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே அளவை நம்பாமல் மூன்று அளவு.

கட்டுப்பாடுகள் மூன்று வேண்டும். ஒன்று, வெறும் நீர். இரண்டு, அதே மோலார் அளவு சோடியம் குளோரைடு (58 மில்லிகிராம், 10 மில்லியில்), சோடியத்தின் விளைவைப் பிரிக்க. மூன்று, வால்புரோமைடு: அமைப்பில் வால்புரோயேட்டின் உடன்பிறப்பு, ஆனால் எச்டாக்கை அடைக்காது. வால்புரோயேட் குழாயைக் கெடுத்து வால்புரோமைடு கெடுக்கவில்லை என்றால் உங்கள் வாதம் நிற்கும். இரண்டும் கெடுத்தால் நஞ்சுத்தன்மை என்றுதான் எழுத வேண்டும்.

வேதி அமைப்பு வேறான இன்னொரு தடுப்பானும் வேண்டும்: டிரைக்கோஸ்டாட்டின்-ஏ. 1 மில்லிகிராமை 3.3 மில்லி டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 1 மில்லிமோலார். அதைப் பத்தில் ஒன்றாக்கி, 2 மில்லி தளத்துக்கு 2 மைக்ரோலிட்டர்: 100 நானோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதம். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட தட்டும் கட்டாயம்.

கரு ஒட்டுமொத்தமாகச் சிறுத்துப்போயிருந்தால் குழாயும் சிறுத்திருக்கும், அதில் வியப்பில்லை. ஒவ்வொரு கருவிலும் சோமைட் (முதுகு நெடுகச் சோடி சோடியாகத் தோன்றும் திசுக் கட்டிகள்) எண்ணுங்கள். 10 சோமைட் உள்ள மருந்துக் கருவை 10 சோமைட் உள்ள கட்டுப்பாட்டுக் கருவோடு ஒப்பிடுங்கள். மணி நேரத்தை வைத்து ஒப்பிடுவதுதான் இந்த வகை புராஜெக்ட்டுகளில் மிகப் பெரிய பிழை.

நொதி உண்மையில் அடைபட்டதா என்பதற்கு வெஸ்டர்ன். 5, 6 கருக்களின் குழாய்ப் பரப்பைச் சேர்த்து எடுங்கள். எடுக்கும் கரைசல் எல்லாவற்றிலும் 5 மில்லிமோலார் சோடியம் பியூட்டிரேட் இருக்கட்டும். மருந்தைக் கழுவியதும் எச்டாக் விழித்து அசெட்டிலைக் கழற்றத் தொடங்கிவிடும், பியூட்டிரேட் அதைத் தடுத்து வைக்கும். உட்கருவைப் பிரித்து 0.2 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊற வைத்தால் ஹிஸ்டோன் வெளியே வரும். 15 சதவீத ஜெல். மாற்றும் சவ்வு 0.2 மைக்ரான். 0.45 மைக்ரான் போட்டால் 17 கிலோடால்டன் அளவுள்ள எச்3 சவ்வைத் தாண்டி ஓடிவிடும், பட்டையே தெரியாது. அசெட்டில் எச்3க்கு ஒன்று, மொத்த எச்3க்கு ஒன்று, இரண்டும் வேண்டும்.

பொடியை எடை போடும்போது கையுறையும் முகக்கவசமும் அவசியம். வால்புரோயேட் கர்ப்பத்தில் நரம்புக்குழல் குறைபாட்டை உண்டாக்கும் மருந்து. ஆய்வகத்தில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலை அவர்களிடம் போகக் கூடாது.

#10 அவயக்கூடு (ஓசூர்)

மின்விசிறி இல்லாத இன்குபேட்டர் என்று படித்தேன். அதில் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். முகப்பில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், முட்டையின் மேல்மட்ட உயரத்தில் தனி வெப்பமானி வையுங்கள். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 சரி. விசிறி இல்லாததில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை வைப்பதுதான் வழக்கம், அடிப்பக்கம் குளிர்ந்திருக்கும் என்பதால். மருந்துக் குழு மேல்தட்டில், கட்டுப்பாடு கீழ்தட்டில் என்று பிரித்துவிடாதீர்கள், கலந்து அடுக்குங்கள்.

ஈரப்பதம் 55 முதல் 60. தண்ணீர்த் தட்டுக்கு ஆர்ஓ நீர். நம்ம மாவட்ட போர் தண்ணீர் கடினநீர், உப்புப் படிந்து தட்டு வெளுத்துப்போகும். ஃபுளோரைடும் உண்டு, ரிங்கர் கரைசலுக்கு அந்தத் தண்ணீர் கிட்டவே வரக் கூடாது.

கரன்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். முன்கூட்டியே அதே சூட்டில் நாலு தண்ணீர் பாட்டில் உள்ளே வைத்தால் சூடு மெதுவாக இறங்கும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

#11 நுண்ணோக்கி (கிருஷ்ணகிரி)

எண்டோதீலியத்துக்குச் சாயம் போட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. பலரும் கியூஎச்1 என்ற எதிர்ப்பொருளை வாங்கிக் கோழிக் கருவில் போட்டு, ஒன்றும் தெரியாமல் விழிப்பார்கள். அது காடையின் எண்டோதீலியத்தையும் ரத்தச் செல்லையும் மட்டும் அறியும், கோழியை அறியாது. அதைப் பயன்படுத்த ஆசை இருந்தால் ஜப்பானியக் காடையின் கருமுட்டை வாங்குங்கள். நம் பக்கம் காடைப் பண்ணைகளுக்குக் குறைவில்லை, ஆணும் பெண்ணும் சேர்த்து விட்ட கூண்டு முட்டையா என்று மட்டும் கேளுங்கள். வடிதாள் துளையைச் சிறிதாக்க வேண்டும்.

சாயமே வேண்டாம் என்றால், 3ஆம் நாள் ஜன்னல் முட்டையில் மஞ்சள்கருச் சிரைக்குள் கண்ணாடி நுண்குழாயால் ஒளிரும் டெக்ஸ்ட்ரான் ஏற்றிப் பாருங்கள். குழாய் கோடாகவே ஒளிர்ந்தால் சுவர் உறுதி. சுற்றிலும் புகை போலப் பரவினால் கசிவு. மேடம் #4இல் சொன்ன அரிப்பு இதில்தான் பிடிபடும்.

#12 பாலக்கோடு_விலங்கியல்

தலைப்பையே மாற்றித் துறைத்தலைவரிடம் கொடுக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஈஇசட்எச்2 தடுப்பான், 5-அசாசைட்டிடின் இரண்டையும் இதே 24 மணி நேரத் தட்டில் போட்டு எச்டாக்கோடு ஒப்பிடலாமா? ஃபோலிக் அமிலம், இரும்பு இவற்றுக்கும் இந்த நொதிகளுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, அதையும் சேர்க்கலாமா?

#13 குரோமாட்டின்

ஒரே கடிகாரத்தில் ஓடுபவை அல்ல அவை. எச்டாக்கை அடைத்தால் அசெட்டில் சில மணி நேரத்திலேயே ஏறும். ஈஇசட்எச்2ஐ அடைத்தால் புதிய மெத்தில் ஒட்டுவதுதான் நிற்கும். ஏற்கெனவே எச்3இன் 27ஆவது லைசினில் இருக்கும் மெத்தில்கள் பெரும்பாலும் செல் பிரியப் பிரியத்தான் நீர்த்துப்போகும். 24 மணி நேரத்தில் "விளைவில்லை" என்று வந்தால் நொதி தேவையில்லை என்று அர்த்தமல்ல, நீங்கள் போதுமான நேரம் காத்திருக்கவில்லை. 5-அசாசைட்டிடின் டிஎன்ஏ இரட்டிக்கும்போது உள்ளே நுழைந்துதான் டிஎன்எம்டியைப் பிடிக்கிறது, வேகமாகப் பிரியும் கருவில் அது நேரடி நஞ்சாகவும் ஆகும். தண்ணீரில் நிலைக்காது, அன்றன்று கரைக்க வேண்டும். ஒரு செமஸ்டருக்கு எச்டாக் ஒன்றே போதும்.

துணைப்பொருள் தொடர்பு உண்மைதான். மெத்தில் ஒட்டுபவை எஸ்-அடினோசில் மெத்தியோனினைச் செலவழிக்கின்றன, அந்தச் சுழற்சியில் ஃபோலேட்டும் பி12ம் வருகின்றன. அசெட்டில் ஒட்ட அசெட்டில் கோஏ. சர்டுயினுக்கு என்ஏடி. மற்ற எச்டாக்குகளுக்குத் துத்தநாகம். ஜேஎம்ஜேசி, டெட் இரண்டுக்கும் இரும்பு, ஆல்ஃபா-கீட்டோகுளூட்டரேட், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். இதிலிருந்து "இரும்பு மாத்திரை போட்டால் கருவின் ரத்தக்குழாய் நன்றாக வளரும்" என்று தாவக் கூடாது. வால்புரோயேட் விஷயத்திலும் அப்படியே. வலிப்புக்கு அந்த மருந்து எடுக்கும் பெண்கள் இந்த இழையைப் படித்தால், தாமாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் வலிப்பே தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள்.

#14 தென்பெண்ணை

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள் அம்மா, 10ஆம் நாள் கருவும் அதில் அடங்கட்டும். முடிந்த முட்டைகளை உறைநிலைப் பெட்டியில் இரவு முழுக்க வைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

தட்டில் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அடைவைத்ததிலிருந்து 30 மணி நேரத்துக்குப் பிறகு, ஒளியைக் கீழிருந்து சாய்வாக விடுங்கள். பின்பக்கம் அடர்ந்த மணல்மணி போன்ற கொத்துகள் தெரியும், அவைதான் தீவுகள். முதலில் சாம்பல் நிறம், பிறகு வெளிர்மஞ்சள், கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மை ஏறும். கொத்தின் ஓரச் செல்கள் தட்டையாகி உறையாகும், நடுச்செல்கள் ரத்தமாகும். ஃபுளோரன்ஸ் சாபின் 1920இல் உயிருள்ள கோழிக் கருவில் இதைக் கண்ணால் பார்த்தே எழுதி வைத்தார். உங்களிடம் இருக்கும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இதற்குத் தாராளம்.

10ஆம் நிலையைத் தாண்டியதும் ஒவ்வொரு கருவுக்கும் 30 விநாடி வீடியோ எடுங்கள். இதயம் துடிக்கும், ஆனால் ரத்தம் ஓடாது. செல்கள் இருந்த இடத்திலேயே ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடும். சில மணி நேரம் கழித்து ஒரு துடிப்பில் முன்னே போனவை திரும்பி வராது. அதுதான் ஓட்டம் தொடங்கிய கணம். ஓட்டம் தொடங்கியபின் பின்னலில் ஏற்படும் மாற்றத்தில் ரத்த ஓட்டத்தின் அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. கோழியின் மஞ்சள்கருப் பையில் தமனியைக் கட்டினால் அந்தக் குழாய் சிரையாக மாறுவதை 2004இல் காட்டினார்கள். உங்கள் மருந்து இதயத்தை மெதுவாக்கியிருந்தால் பின்னல் அதனாலேயே கெட்டிருக்கலாம். எனவே நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை அதே வீடியோவிலிருந்து எண்ணி, சோமைட் எண்ணிக்கைக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். தட்டை வெளியே எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எண்ணிவிட வேண்டும், சூடு இறங்க இறங்கத் துடிப்பும் இறங்கும்.